பரண் மேலே, இரண்டு அச்சுக்கு நடுவே

பழைய அச்சுகளுக்கு ஒரு வாசனை உண்டு. காய்ந்த கஞ்சியும் நாணலும் கரப்பான் எச்சமும் கலந்த அந்த வாசனை மூக்குக்குள் போனால் அன்று முழுவதும் அங்கேயே தங்கிவிடும். அச்சு என்பது தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற, நீண்ட சீப்பைப் போன்ற சட்டம். பல் உடைந்தவற்றை எங்கள் வீட்டில் யாரும் எறிவதில்லை. பரணில் ஒன்றோடொன்று சாத்தி வைத்துவிடுவார்கள். என் பதின்மூன்றாவது வயதில், அந்த அச்சுகளில் இரண்டுக்கு நடுவே ஒரு பொருள் இருந்தது. அது அங்கே இருந்ததை அறிந்தவர்களில், வாய் திறந்தால் யாருக்கும் கெடுதல் வராதவன் நான் ஒருவன்தான். நான் திறக்கவில்லை.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது, எல்லா ஜன்னலிலும் பழைய சேலை தொங்கியது. வெயிலுக்காகத் தொங்கவிட்டதல்ல அது, கண்ணுக்காக. பக்கத்து வீட்டுக்காரர் "தீப்பெட்டி இருக்குதா" என்று உள்ளே வந்தால் அப்பா நெய்த பகுதியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். கரையில் புதிதாக ஒரு பூ விழுந்திருந்தால் அது அடுத்த தெருவில் அடுத்த வாரம் பூத்துவிடும் என்ற பயம். "தறியத் தொறந்து வச்சா தெருவே நெய்யும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அம்மா விளக்கேற்றியதும் செய்கிற முதல் வேலை, சின்னத் தராசை எடுத்து அன்றைக்கு மிஞ்சிய ஜரிகையை நிறுப்பது. எங்கள் சொந்தத் தறியின் ஜரிகையையும் நிறுப்பாள். "அவங்கவங்க கைமேல அவங்கவங்களுக்கே சந்தேகம் இருக்கணும்" என்பாள்.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா. மற்றொன்றில் கோபால் என்பவர் நெய்தார். தெலுங்கு பேசுகிற குடும்பம். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கொல்லைப்புறத்து இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். தறி போனால் அறையும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சொல்லாத ஏற்பாடு. அவருடைய மகன் முனிரத்தினம் என் வகுப்பு. கோபால் வீட்டில் தாழ்ந்த குரலில் தெலுங்கு கேட்டால் அப்பா குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். ஒன்றும் புரியாது. புரியாததனால் அது எங்களைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்வார். அவர்கள் வீட்டில், நாங்கள் மெதுவாகப் பேசினால் இதேபோல நினைத்திருப்பார்கள்.

முனியும் நானும் ஒரு மொழி செய்யத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். அவன் வீட்டு மொழியாகவும் இருக்கக்கூடாது, என் வீட்டு மொழியாகவும் இருக்கக்கூடாது. எந்த மொழியைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று பெரியவர்கள் தெருமுனையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் பாட்டுக்கு, யாரிடமும் கேட்காமல், புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அளவுகோலாக ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டோம். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் ஆங்கில வாத்தியார் மேசைமேல் ஒரு சாக்பீஸ் டப்பாவை வைத்து, ஒரு சாக்பீஸை அதன் உள்ளே போடுவார், மேலே வைப்பார், கீழே வைப்பார், பின்னால் ஒளிப்பார். இன், ஆன், அண்டர், பிஹைண்ட் என்று வகுப்பே கத்த வேண்டும். தப்பினால் அந்த சாக்பீஸ் நெற்றியில் வந்து விழும். தமிழில் இவையெல்லாம் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு வருபவை. டப்பாவில், டப்பாமேல் என்போம். முனி தன் வீட்டு மொழியிலும் அப்படித்தான் என்றான். ஆங்கிலத்தில் மட்டும் இந்தக் குட்டிச் சொற்கள் தனியாக, வண்டிக்கு முன்னால் ஓடும் ஆளைப் போல, முன்னே வந்து நின்றன. தனியாக நின்றதால் பிடிப்பது சுலபமாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து எங்கள் மொழிக்குக் கொண்டுவந்தோம்.

ஒலிகளைத் தறியிலிருந்து எடுத்தோம். இழைமேல் பலகை வந்து இடிக்கும் சத்தம் "டக்கு", அது ஆன். மேலிழைக்கும் கீழிழைக்கும் நடுவே நாடா ஓடும் சத்தம் "சிரிக்", அது பிட்வீன். தறிக்குழியில் மிதி அமுங்கும் சத்தம் "லோபு", அது அண்டர். வீட்டுப் பொருள்களுக்கும் பெயர் வைத்தோம். பரண் "ஓணா" ஆயிற்று, அச்சு "சிணி" ஆயிற்று.

இடத்தைக் குறிக்கும் சொற்கள் எளிதாக வந்துவிட்டன. வித் என்ற சொல்லில்தான் முதல் சண்டை. நண்பனோடு போவதற்கும் கத்தியால் வெட்டுவதற்கும் ஆங்கிலக்காரன் ஒரே சொல்லை வைத்திருக்கிறான், நாமும் ஒன்றே வைப்போம் என்றேன் நான். முனி ஒப்பவில்லை.

"டேய் ஏகா, நீ கூட வர்றதும் கத்தி கூட வர்றதும் ஒன்னாடா? கத்தி எனக்கு உதவுது. நீ இன்னா உதவுற? சும்மா வர்ற. அதுக்கு வேற வார்த்த வை."

"சும்மா வர்றதுக்கு ஒரு வார்த்தயா?"

"அதுக்குத்தான்டா மொதல்ல வைக்கணும்."

இரண்டு சொல் செய்தான். கத்திக்கு "கிடி", ஆளுக்கு "இமி".

மொழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். ஒருவன் என் பம்பரத்தை வீட்டில் எங்காவது ஒளித்துவிட்டு, இடத்தை எங்கள் மொழியில் மட்டும் ஒருமுறை கூவுவான். மற்றவன் ஒரே கையில் அதை எடுக்க வேண்டும். தேடக்கூடாது, தேடினால் மொழிபெயர்ப்பு தப்பு. மாதக்கணக்கில் விளையாடினோம். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னாடா இது, கோழிக்குக் காச்சல் வந்தாப்ல" என்பாள். கோபால் தன் தறியிலிருந்தே சிரிப்பார்.

அந்த ஐப்பசியில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில், ஜரிகைக் கடைக்காரர் மகன் இன்னொருவனை இடித்துக்கொண்டு "டக்கு ஓணா, டக்கு ஓணா" என்று சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்த மொழி மூன்றாவது வாயில் இருந்தால், ஒருவன் கொடுத்திருக்கிறான். நான் கொடுக்கவில்லை. தெருவெல்லாம் கூவிக்கொண்டு திரிந்த சொல்லைக் காதுள்ள எவனும் பிடித்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது தோன்றுவதற்கு ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஜன்னலில் சேலை தொங்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, கசிவு என்றால் உள்ளே இருப்பவன் செய்தது என்றுதான் பாடம்.

முனியிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான் என்று நினைத்தேன். பம்பரத்தை என் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அவன் வந்து நின்றால் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். "இன்னாடா கோவம்? சொல்லேன். நான் இன்னா பண்ணேன்?" என்று பின்னாலேயே வந்தான். அப்படி அவன் கேட்டதுகூட நடிப்பாகத் தெரிந்தது. அவன் அம்மாவோடு தெலுங்கில் பேசும்போதெல்லாம், அப்பாவைப் போலவே, நானும் நின்று காது கொடுக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் காலை முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். முனி கொல்லைப்பக்கத்துக் கதவில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, கூவினான்: "டக்கு ஓணா! சிரிக் சிணி!"

பரண் மேலே, அச்சுக்கு நடுவே. பம்பரம் என்னிடம் இருக்கிறதே, இவன் எதை வைத்திருப்பான் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் போய்ப் பார்த்தால் தோற்றவனாகிவிடுவேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனேன். அவன் சிரிப்பு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று விளக்கு வைத்ததும் அம்மா ஜரிகையை நிறுத்தாள். கோபால் தறிக்குக் கொடுத்ததில் ஒரு சுருள் குறைந்தது. மறுபடி நிறுத்தாள். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார்.

"கோபாலு, ஒரு சுருளு கொறையுதே."

"தறிகிட்ட வச்சிட்டுத்தான் காலைல குளிக்கப் போனேன் அண்ணே. வந்து பாக்கறேன், இல்ல. நீங்க உள்ள எடுத்து வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன்பா எடுக்கறேன்?"

குரல் ஏறியதும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தோளில் துண்டோடு வந்து தூணில் சாய்ந்துகொண்டார். கோபால் தன் மடியை உதறிக் காட்டினார். அவர் மனைவி பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் கவிழ்த்தாள். முனி தன் அப்பாவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தான். எனக்கு அப்போது புரிந்தது. நான் விளையாட வரவேண்டும் என்பதற்காக, யாராலும் அலட்சியம் செய்ய முடியாத ஒன்றைத் தேடி, அவன் அந்தச் சுருளை எடுத்து வைத்திருக்கிறான். தமிழில் இடத்தைச் சொன்னால் எடுத்தவன் ஆகிவிடுவான். அதனால் என்னைப் பார்த்து, காலையில் சிரித்துச் சொன்னதையே இப்போது அழுதுகொண்டு கத்தினான்:

"ஏகா! டக்கு ஓணா! சிரிக் சிணி! ஏகா, இமி!"

கடைசிச் சொல்லை விளையாட்டில் நாங்கள் சொல்வதில்லை. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கூட வா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னாடா சொல்றான் அவன்?" என்று அப்பா கேட்டார்.

பரண் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, "வெளயாட்டுக்கு ஒளிச்சு வச்சோம்" என்று சொன்னால் எனக்கு இரண்டு அறை விழும், அதோடு போய்விடும். என் நாக்கில் இருந்ததோ குழாயடியில் கேட்ட சிரிப்பு.

"தெரியலப்பா," என்றேன். "அவங்க வூட்டு பாஷ."

கோபால் திடுக்கிட்டுப் பார்த்தார். "எங்க வூட்ல இப்டி பேச்சே கெடையாது அண்ணே. இது தெலுங்கு இல்ல."

"பின்ன இன்னாய்யா, லண்டன் பாஷயா?" என்றார் தூணில் சாய்ந்திருந்தவர். கூட்டம் சிரித்தது. எங்கள் தெருவில் எங்களுக்குப் புரியாதது எதுவாக இருந்தாலும் அது தெலுங்கு. அப்பனும் பிள்ளையும் ஜாடைப் பேச்சு வைத்திருக்கிறார்கள் என்று அந்த நிமிடத்தில் தீர்ப்பு ஆகிவிட்டது. முனி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அப்பா போலீசுக்குப் போகிறவர் இல்லை. "நான் ஒன்னும் கேக்கல. இந்தச் சேல முடியட்டும்," என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சற்றுச் சொல்ல வேண்டும். பாதியில் இருக்கும் சேலையில் கை மாற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நியதி. ஒருவர் பலகையை இடிப்பதுபோல இன்னொருவர் இடிக்க மாட்டார், துணி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் திருடன் என்று நினைத்தவரையே, சேலை முடியும் வரை, வீட்டுக்குள் உட்காரவைத்து நெய்யவைத்தோம். ஜரிகையை அம்மா தன் கண்ணெதிரே அளந்து கொடுத்தாள். கோபால் தலை நிமிராமல் நெய்தார். முனியை எங்கள் வீட்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவாயிற்று. பரணுக்குக் கீழேதான் நான் படித்தேன், சாப்பிட்டேன்.

ஒருமுறை ஏறிப் பார்த்தேன். அவனுக்காக இல்லை, எங்கள் மொழியிலும் அவன் பொய் சொல்லியிருப்பானோ என்று பார்க்க. கையை விட்டதும் சுருள் பட்டது. ஒரு துணியில் சுற்றி, ஜரிகை கறுக்காதபடி முடிந்து வைத்திருந்தான். இப்போது எடுத்துக் கொடுத்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று என்னைச் சந்தேகிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

அந்த நாட்களில் கோபால் தறிக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை என்னைப் பார்ப்பார். எதற்கு என்று தெரியாமல் நான் எழுந்து போய்விடுவேன். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்த அன்று அப்பா அதை மடித்துக்கொண்டு உள்ளே போன சமயம், கோபால் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, பரண் மேல, ரெண்டு அச்சுக்கு நடுவுல கைய வுட்டுப் பாக்கிறியா?"

நல்ல தமிழில், நிதானமாகச் சொன்னார்.

"பையன் அன்னைக்கே சொல்லிட்டான். நானு எடுத்துக் குடுத்தா அது திருட்டு தம்பி. நீ எடுத்துக் குடுத்தாத்தான் அது வெளயாட்டு. எடுப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அந்த மனிதர் அத்தனை நாளும் என்னை நம்பிக்கொண்டு நெய்திருக்கிறார். அப்போது எனக்குத் தோன்றியதோ, இது ஒரு பொறி, நான் பரணில் கை வைத்ததும் "இவன்தான் வச்சான்" என்று கத்தப்போகிறார் என்பது. "எனக்கு ஒன்னும் தெரியாது," என்றேன். அவர் முழங்காலில் கையூன்றி எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு மாட்டு வண்டியில் ஆரணிக்குப் போய்விட்டார்கள். முனி வண்டியின் பின்பக்கம், பானைகளுக்கு நடுவே, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அது அம்மா கைக்கு வந்தது. "எலி இழுத்துக்கினு போயிருக்கும்," என்றார் அப்பா, அவசரமாக.

"எலி துணி சுத்தி முடிச்சு போடுமா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். ஆரணிக்குச் சொல்லி அனுப்பலாமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். "போனவன் போயிட்டான். இப்ப கூப்ட்டா நாமதான் தப்பு பண்ணோம்னு ஆயிடும்," என்றார் அப்பா. அதன்பின் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

நான் படித்தேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பிரிவில் சேர்ந்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கியே ஓய்வுபெற்றேன். கோப்புகளில் அந்தக் குட்டிச் சொற்கள் வரிக்கு வரி வந்தன. சரியாகத்தான் பெயர்த்தேன். மேலதிகாரிகள் ஒருமுறையும் குறை சொன்னதில்லை. எங்கள் வேலையில் மூலத்தில் இருப்பதை விடக்கூடாது, இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தியவனும் நான்தான். என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் ஓர் ஆளின் பிழைப்பையே கொடுத்தார்கள். அன்று எனக்கு மொழி தெரியாமல் போயிற்று.

ஓய்வுபெற்ற பிறகு ஆரணிக்குப் போனேன். விசாரித்து, ஒரு தெருக்கோடியில், முனிரத்தினம் என்று ஒருவர் இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்தவர், தறியிலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டார். காஞ்சிபுரத்திலிருந்து வருகிறேன் என்றதும், "சின்ன வயசுல கொஞ்ச நாள் இருந்தோம்," என்றார். தன் அப்பா காலமாகிவிட்டார் என்றார். என் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார், முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன மன்னிப்பு தமிழில் வரவில்லை.

"டக்கு ஓணா," என்றேன். "சிரிக் சிணி."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"தெரியலைங்களே," என்றார். "எங்க வூட்டு பாஷ தெலுங்குங்க."

பிறகு உள்ளே திரும்பி, சாருக்கு டீ கொண்டுவா என்று குரல் கொடுத்தார். அவர் மறந்துவிட்டாரா, இல்லை, எனக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து அனுப்பினாரா என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இன்றைக்கும் சந்தேகம்தான். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். சும்மா வந்தார்.

போன மாதம் பிள்ளையார்பாளையத்து வீட்டை இடித்தோம். மகன் மாடி வைத்துக் கட்டுகிறான். ஜன்னல்களில் சேலை தொங்கிய காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது தெருவில் எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கின்றன, கரைப் பூக்களைப் போனில் படம் எடுத்துக் கடைக்காரர்களே உலகத்துக்கு அனுப்புகிறார்கள். பரணைப் பிரித்த கொத்தனார் அச்சுகளை இறக்கி முற்றத்தில் சாய்த்துவிட்டு, "இத்த எரிச்சிடலாமா சார்?" என்று கேட்டார். குனிந்தேன். அதே வாசனை. இரண்டு அச்சுக்கு நடுவே கையை விட்டேன். ஒன்றும் இல்லை. என்னை அறியாமல் அந்த இடத்தின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"இன்னா சார் சொன்னீங்க? இன்னா பாஷ அது?" என்றார் கொத்தனார்.

"எங்க பாஷப்பா," என்றேன். "நானும் முனியும் பேசினது."